ஹியரா, லிஸனா: மலையக வகுப்பறையில் ஆங்கில வினைகளைச் சொல்லிக்கொடுக்க எந்த வழி?

தமிழில் 'கேள்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் மூன்று காரியங்களை முடித்துவிடுகிறோம். தகரக் கூரையில் மழைச் சத்தம் கேட்கிறது, வானொலியில் செய்தி கேட்கிறோம், கடையில் விலை கேட்கிறோம். ஆங்கிலத்தில் இம்மூன்றுக்கும் ஹியர், லிஸன், ஆஸ்க் என மூன்று தனிச் சொற்கள் இருக்கின்றன. 'படி' என்றால் ரீட், ஸ்டடி, லேர்ன். 'பார்' என்றால் சீ, லுக், வொட்ச். 'சொல்' என்றால் சே, டெல். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், பதினோராம் தர முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருக்கும் பிள்ளைகளுக்கும் அண்மையில் பாடசாலையை விட்டு விலகிய சிலருக்குமாக வாரத்தில் இரண்டு மாலைகள் ஆங்கில வகுப்பு நடத்திவரும் எனக்கு, காலங்களோ செயப்பாட்டு வினையோ தராத தொல்லையை இந்தப் பத்துப் பன்னிரண்டு சொற்கள் தந்துகொண்டிருக்கின்றன. அடுத்த தவணையில் இவற்றை எந்த வழியில் கற்பிப்பது என்று முடிவெடுக்க வேண்டியிருப்பதால், இதுவரை கையாண்டு பார்த்த வழிகளை ஒன்றோடொன்று வைத்து எடைபோட்டு எழுதுகிறேன்.

இது ஏதோ இலக்கண நுணுக்கம் என்று தள்ளிவிட முடியாத விடயம். இலங்கையில் 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியபோது ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று குறித்தது. ஹட்டனிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ கொழும்புக்கு வேலை தேடிப் போகும் பிள்ளைக்கு அந்த இணைப்பு என்பது பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்பாகத்தான் வந்து சேர்கிறது. எங்கள் வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ஒரு மாணவிக்கு அப்படி ஓர் அழைப்பு வந்தது. லயத்துக்குள், அதாவது தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளுக்குள், சிக்னல் கிடைக்காது என்பதால், தேயிலை மலைக்கு மேலே இருக்கும் பாறைவரை ஏறிப்போய் நின்று பேசினாள். துணைக்கு நானும் நின்றேன். காற்று இரைந்துகொண்டிருந்தது, மறுமுனைக் குரல் விட்டுவிட்டு வந்தது. 'கேட்குதாங்க?' என்று வினவ எண்ணியவள், 'ஆர் யூ லிஸனிங் டு மீ?' என்று கேட்டுவிட்டாள். 'நான் சொல்வதைக் கவனிக்கிறீர்களா, இல்லையா?' என்று அதட்டும் தொனி அந்த ஆங்கில வாக்கியத்தில் இருக்கிறது. அவள் சொல்லியிருக்க வேண்டியது 'கேன் யூ ஹியர் மீ?' என்பதுதான். மறுமுனை ஒரு கணம் பேச்சற்றுப் போனது. வேலை கிடைக்கவில்லை. இந்த ஒரு வாக்கியம்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன்; ஆனால் அன்று மாலை அவளுடைய கொப்பியை வாங்கிப் புரட்டியபோது, நான் கரும்பலகையில் எழுதிப்போட்டதை அவள் அழகாக, கோடு கிழித்து, பிரதி எடுத்திருந்த மூன்று வரிகள் கண்ணில் பட்டன. ஹியர் – கேள். லிஸன் – கேள். ஆஸ்க் – கேள்.

முதல் வழி இதுதான்: இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்க் கருத்து, நடுவில் ஒரு கோடு. நம்மில் அநேகமாக எல்லோரும் இப்படித்தான் ஆங்கிலம் படித்தோம். இதன் பலத்தைக் குறைத்துச் சொல்வது நியாயமல்ல. ஆசிரியர் வராத நாளிலும் பிள்ளை தானாகப் பாடமாக்கலாம். செலவு ஒரு கொப்பியும் பேனையும்தான். பரீட்சைத்தாளில் கருத்தைப் பொருத்தும் வினாவுக்கு உடனே பயன்படுகிறது. மேசை, குடை, ஆறு, மருத்துவமனை போன்ற பெயர்ச்சொற்களுக்கு இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. ஆனால் புலன்களையும் அறிவையும் பேச்சையும் குறிக்கும் வினைகளுக்கு வரும்போது பட்டியல் உதவாமற் போவது மட்டுமல்ல, தீங்கும் செய்கிறது. மூன்று ஆங்கிலச் சொற்களுக்கு எதிரே ஒரே தமிழ்ச் சொல் நின்றால், மூன்றும் ஒன்றே என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும். அந்தத் தவறான சமன்பாடு மனத்தில் ஊறிய பிறகு அதை எடுப்பது, புதிதாக ஒன்றைக் கற்பிப்பதைவிடக் கடினமானது. 'செவிமடு' என்று எழுதினால் லிஸன் வேறாகிவிடும் என்று ஒரு காலத்தில் நானும் நம்பினேன். ஆனால் செவிமடு என்ற சொல்லை அந்தப் பிள்ளை தன் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. தெரியாத ஆங்கிலச் சொல்லுக்கு வழங்காத தமிழ்ச் சொல்லைக் கருத்தாகக் கொடுப்பதால் பிள்ளைக்கு இரட்டைச் சுமைதான் மிஞ்சுகிறது.

இரண்டாவது வழி, ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்பிப்பது. வகுப்பறைக்குள் தமிழ் வேண்டாம், சைகையாலும் படத்தாலும் செயலாலும் புரியவைக்கலாம் என்பது இதன் கொள்கை. சிறு பிள்ளைகளிடம் இது நன்றாக வேலை செய்வதை நான் கண்டிருக்கிறேன். உட்கார், எழும்பு, கதவைத் திற என்பவற்றை நடித்துக் காட்டிவிடலாம். கேட்பதை எப்படி நடித்துக் காட்டுவது? காதருகே கையைக் குவித்து லிஸன் என்று காட்டினேன். ஹியர் என்பதற்கும் அதே கைதான் காதுக்குப் போனது. மனத்துக்குள்ளே நடப்பதற்குச் சைகை இல்லை. சரி, ஆங்கில அகராதியைத் திறக்கலாம் என்றால், பெரிய அகராதிகள் ஹியர் என்ற சொல்லைப் பெர்சீவ் என்ற சொல்லால் விளக்குகின்றன. எளிதானதைக் கடினமானதால் விளக்கும் அந்த ஏணியில் நம் பிள்ளைகள் ஏற முடியாது. வீட்டிலும் வீதியிலும் ஆங்கிலம் புழங்கும் சூழலில், இந்த வேறுபாடுகள் ஆயிரம் முறை காதில் விழுந்து தாமாகவே படிந்துவிடும். அங்கே இந்த வழியே சிறந்தது. எங்கள் பிள்ளைக்கோ செவ்வாய் மாலை வகுப்பு முடிந்தால் வெள்ளி மாலைவரை ஓர் ஆங்கில வாக்கியமும் காதில் விழுவதில்லை. தொலைக்காட்சி தமிழில் ஓடுகிறது, பஸ்ஸிலும் கடைவீதியிலும் தமிழும் சிங்களமும்தான். வாரத்துக்கு மூன்று மணித்தியாலத்தை வைத்துக்கொண்டு, முழுநாளும் ஆங்கிலச் சூழலில் வாழும் பிள்ளைக்குரிய வழியைப் பின்பற்றுவது அந்த மூன்று மணித்தியாலத்தையும் வீணடிப்பதாக முடிகிறது.

மூன்றாவது வழியை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அது நம் வாயிலேயே இருந்தும் நாம் பார்க்கத் தவறியது. ஹியர், லிஸன் என்ற வேறுபாடு தமிழில் இல்லை என்று சொல்வது தவறு. சொல் ஒன்றாக இருந்தாலும், அந்தச் சொல்லுக்கு முன்னால் யார், எந்த வேற்றுமையில் வந்து நிற்கிறார் என்பதில் வேறுபாடு தெளிவாகக் கிடக்கிறது. 'எனக்குக் கேட்கிறது' என்கிறோம். 'நான் கேட்கிறேன்' என்றும் சொல்கிறோம். முதலாவதில் சத்தம் தானாக வந்து என்னைச் சேர்கிறது. நான் ஒன்றும் செய்யவில்லை. இரண்டாவதில் நான் முனைந்து செய்கிறேன். முதலாவது ஹியர்; இரண்டாவது, கேட்பது பாட்டென்றால் லிஸன், கேட்பது கேள்வி என்றால் ஆஸ்க். பார்வைக்கும் இதே கணக்குத்தான். 'எனக்கு மலை தெரிகிறது' என்றால் சீ. 'நான் மலையைப் பார்க்கிறேன்' என்றால் லுக். இன்னும் கிட்டப்போய்ச் சொன்னால், 'காதில் விழுந்தது' என்பதும் 'காதுகொடுத்துக் கேட்டான்' என்பதும் எந்தப் பிள்ளைக்கும் வேறுவேறு. விழுவது நம் கையில் இல்லை. கொடுப்பது நம் கையில் இருக்கிறது. எட்டாம் தரத்துப் பையன் ஒருவனிடம் இந்த இரண்டு தொடர்களையும் சொல்லி, ஹியர் எது, லிஸன் எது என்று கேட்டபோது, அவன் யோசிக்கவே இல்லை.

இதைச் சோதிக்க ஒரு சிறிய உரைகல்லும் உண்டு. ஏவல் வடிவில் சொல்லிப் பாருங்கள். 'கவனமாகக் கேள்', 'அங்கே பார்' என்று கட்டளையிடலாம். 'உனக்குக் கேள்', 'உனக்குப் புரி', 'உனக்குத் தெரி' என்று யாரும் கட்டளையிடுவதில்லை. ஆங்கிலத்திலும் லிஸன், லுக் என்று ஆசிரியர் வகுப்பைப் பார்த்து உரத்துச் சொல்வார். ஹியர், அண்டர்ஸ்டாண்ட் என்று சாதாரணமாகக் கட்டளையிடமாட்டார்.

இவ்வழியின் மிகப் பெரிய ஆதாயம் இதற்கு அடுத்தபடியில் இருக்கிறது. நம் பிள்ளைகள் ஓயாமல் செய்யும் பிழைகளில் ஒன்று, எல்லா வினைக்கும் 'இங்' சேர்த்துவிடுவது: ஐ ஆம் ஹியரிங், ஐ ஆம் நோவிங், ஐ ஆம் அண்டர்ஸ்டாண்டிங், ஐ ஆம் வோன்டிங். இவை ஒவ்வொன்றையும் பிழை பிழை என்று சிவப்பு மையால் கோடிட்டுக்கொண்டே போகலாம். ஆனால் தமிழில் இவற்றை எழுதிப்பாருங்கள்: எனக்குக் கேட்கிறது, எனக்குத் தெரியும், எனக்குப் புரிகிறது, எனக்கு வேண்டும். பிடிக்கும் என்பதும் எனக்குத்தான், ஞாபகமிருக்கிறது என்பதும் எனக்குத்தான். தமிழில் 'எனக்கு' என்று தொடங்கும் உணர்வு வினைகள் ஆங்கிலத்துக்குப் போகும்போது பெரும்பாலும் 'இங்' ஏற்பதில்லை. ஒரே வரியில் அடங்கும் இந்த விதியைச் சொல்லிக்கொடுத்த பிறகு, கொப்பிகளில் அந்தப் பிழை வெகுவாகக் குறைந்ததை நானே கண்டேன். அதோடு, 'எனக்குக் கேட்கவில்லை', 'எனக்குத் தெரியவில்லை' என்று புலனைப் பற்றிச் சொல்லும் இடங்களில் ஆங்கிலத்தில் கேன் என்ற துணைச்சொல் வந்து உட்காரும் என்பதையும் சேர்த்துச் சொன்னால், பாறை மேல் நின்ற அந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்ட வாக்கியம் முழுதாகக் கிடைத்துவிடும்.

மலையகத்தில் இன்னொரு வாய்ப்பும் கூடவே இருக்கிறது. சிங்களப் பிள்ளைகளோடு விளையாடிப் பழகியவர்களுக்கு 'மம அஹனவா' என்பதும் 'மட்ட எஹெனவா' என்பதும் தெரியும். முதலாவது நான் கேட்கிறேன், இரண்டாவது எனக்குக் கேட்கிறது. அஹனவா என்பதும் நம் கேள் போலவே காதால் கேட்பதையும் வினவுவதையும் சேர்த்துக் குறிக்கும். 'மம பலனவா', 'மட்ட பேனவா' என்பவை பார்ப்பதற்கும் தெரிவதற்கும் அப்படியே பொருந்துகின்றன. இரண்டு மொழிகளில் ஏற்கெனவே இந்த வேறுபாட்டை நாள்தோறும் பேசிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் போய், 'உங்கள் மொழியில் இது இல்லை, ஆங்கிலத்தில்தான் இருக்கிறது' என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதை நினைக்கையில் எனக்கு மனவருத்தமே உண்டாகிறது.

லேர்ன், ஸ்டடி என்ற இணைக்கு வேற்றுமை உருபு துணைசெய்யாது. அங்கே நம் வாழ்க்கை துணைசெய்கிறது. எங்கள் தோட்டத்தில், மலையக மக்களின் நாட்டார் கூத்தான காமன் கூத்தின் பாட்டுகளை முழுமையாகப் பாடக்கூடிய ஒரு முதியவர் இருக்கிறார். எழுத்து அறியாதவர். அவர் அந்தப் பாட்டுகளைப் படித்தாரா என்று கேட்டால் பிள்ளைகள் இல்லை என்கிறார்கள். அவருக்கு அவை தெரியுமா என்றால் தெரியும் என்கிறார்கள். அப்படியானால் அவர் லேர்ன் செய்திருக்கிறார், ஸ்டடி செய்யவில்லை. மறுபக்கம், இரவெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் கணிதப் புத்தகத்தோடு இருந்துவிட்டு, 'படிச்சேன் சேர், மண்டையில ஏறல' என்று சொல்லும் பையன் ஸ்டடி செய்திருக்கிறான், லேர்ன் செய்யவில்லை. முயற்சி ஸ்டடி, கைவந்தது லேர்ன். திருக்குறளில் 40ஆம் அதிகாரம் கல்வி என்றும், 42ஆம் அதிகாரம் கேள்வி என்றும் தனித்தனியே வைக்கப்பட்டிருப்பதை இங்கே சொல்லிக்காட்டலாம். கேள்வி என்றால் வினா என்று மட்டும் அறிந்த பிள்ளைக்கு, அச்சொல் காதால் பெறும் கல்வியையும் குறித்தது என்பது புதிய செய்தியாக இருக்கும். வட்டகொடைப் பக்கத்து மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, தோட்ட மக்களின் நாட்டார் பாடல்களைத் திரட்டியவர். ஆங்கிலத்திலும் கவிதை எழுதியவர். நம் மண்ணின் கேள்விச் செல்வத்துக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே பகை ஏதுமில்லை என்பதற்கு நான் வகுப்பில் காட்டும் ஆள் அவர்.

ஆயினும் மூன்றாவது வழி எல்லா இடத்திலும் கைகொடுக்காது என்பதை மறைக்கக் கூடாது. நம்புகிறேன், நினைக்கிறேன் என்பவற்றுக்குத் தமிழில் 'நான்'தான் வருகிறது. ஆங்கிலத்தில் பிலீவ் என்பது 'இங்' ஏற்பதில்லை, கருத்துச் சொல்லும் இடத்தில் திங்க் என்பதும் ஏற்பதில்லை. இவற்றை விலக்காகச் சொல்லிவிட வேண்டும். அதைவிட ஆபத்தானது, தொடர்பாடல் வினைகளில் இந்த வழி நேரே பள்ளத்தில் கொண்டுபோய் விடுவது. 'எனக்கு விளக்குங்கள்' என்ற தமிழ் வாக்கியத்தைப் பின்பற்றினால் 'எக்ஸ்பிளேன் மீ' என்ற பிழை பிறக்கிறது; சரியானது 'எக்ஸ்பிளேன் இட் டு மீ'. 'அவரிடம் சொன்னேன்' என்பதை நம்பிப் போனால் 'டோல்ட் டு ஹிம்' என்று வரும்; டெல் என்பதற்குப் பின் ஆள் உடனே வரவேண்டும், டு வரக்கூடாது, சே என்பதற்குப் பின் ஆள் வந்தால் டு வேண்டும். 'அதைப் பற்றிக் கலந்துரையாடினோம்' என்று நாம் சொல்வதால் 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதுகிறோம். ஆங்கிலத்தில் டிஸ்கஸ் தனக்குள்ளேயே அந்தப் 'பற்றி'யை அடக்கிவைத்திருக்கிறது. இவற்றுக்குத் தமிழிலிருந்து காரணம் காட்ட முடியாது. ஸ்பீக், டோக் என்ற இரண்டுக்கு மட்டும் நம் பேச்சு வழக்கு ஓரளவு துணைநிற்கிறது: மேடையில் பேசுகிறார் என்பது ஸ்பீக்கின் பக்கமும், இருவர் வாசற்படியில் உட்கார்ந்து கதைக்கிறார்கள் என்பது டோக்கின் பக்கமும் சாய்கின்றன.

ஆகவே இந்த இடத்தில் நான்காவது ஒரு வழி தேவையாகிறது: தனிச் சொல்லாக அல்லாமல் முழு வாக்கியமாகவே பாடமாக்குவது. 'டெல் மீ த டைம்', 'வட் டிட் ஷி சே?', 'லிஸன் டு மை மதர்', 'ஐ ஹேர்ட் அபவுட் இட்' என்று நாலைந்து சொல் கொண்ட வாக்கியத்தைப் பாட்டுப் போல ஒப்பிக்கவைத்தால், டு எங்கே வரும், எங்கே வராது என்பதைக் காதே முடிவுசெய்துகொள்ளும். நம் முன்னோர் லைன் என்ற சொல்லை எழுத்துக்கூட்டிப் படிக்காமலே காதால் வாங்கி லயம் ஆக்கிக்கொண்டவர்கள். காதால் வாங்கும் திறன் இந்தச் சமூகத்துக்குப் புதிதல்ல. இந்த வழியின் குறை, ஒப்பித்த வாக்கியத்துக்கு வெளியே பிள்ளை தானாக வாக்கியம் அமைக்கத் தயங்குவதாகும். அவசரத் தேவைக்கு இது போதும்; கட்டுரை எழுதுவதற்குப் போதாது.

மீதமுள்ள சொற்களில் நீண்டநேரம் நிற்கத் தேவையில்லை. நோட்டிஸ் என்பது கண்ணில் படுவது, ரியலைஸ் என்பது உறைப்பது. 'அப்போதுதான் எனக்கு உறைத்தது' என்று நாம் சொல்லும் அந்த உறைத்தல்தான் ரியலைஸ். பெர்சீவ், கம்யூனிகேட் என்ற இரண்டும் இலத்தீன் வழி வந்த கனமான சொற்கள்; பேச்சில் அருகியும் எழுத்தில் அடிக்கடியும் வருபவை. பெர்சீவ் முற்றாகப் பற்றுதல் என்ற அடியிலிருந்தும், கம்யூனிகேட் பொதுவாக்குதல் என்ற அடியிலிருந்தும் வந்தவை. இவற்றுக்குக் குழப்பம் தரக்கூடிய தமிழ் இணை இல்லாததால், 'புலன்வழி உணர்', 'தொடர்புகொள்' என்று பழைய பட்டியல் முறையிலேயே எழுதிவைத்தாலும் கேடில்லை. கம்யூனிகேட் என்பதற்குப் பின்னால் ஆள் வந்தால் வித் சேர்க்கவேண்டும் என்று ஒரு குறிப்பு மட்டும் போதும்.

ஹியர் என்ற சொல்லின் எழுத்துக்கூட்டல் பற்றி ஒரு சிறு செய்தி. 'இங்கே' என்று பொருள்தரும் இன்னொரு சொல்லும் இதே ஒலியோடு இருப்பதால் பிள்ளைகள் இரண்டையும் மாற்றி எழுதிவிடுகிறார்கள். கேட்பதைக் குறிக்கும் சொல்லின் எழுத்துக்களுக்குள் காதைக் குறிக்கும் இயர் என்ற சொல் முழுதாக இருக்கிறது என்று கரும்பலகையில் அதற்கு ஒரு வட்டம் போட்டுக் காட்டினால், அதன்பின் மாற்றி எழுதுவது அபூர்வம். லிஸன் என்பதில் ஒலிக்காத எழுத்து ஒன்று இருக்கிறது. அதை லிஸ்டன் என்று வாசிப்பவரைத் திருத்தும்போது, எழுதினாலும் ஒலிக்காது என்று ஒருமுறை சொன்னால் போதும்.

அடுத்த தவணைக்கு நான் செய்திருக்கும் முடிவு இது. சாதாரண தர வகுப்புக்கு முதல் நான்கு வாரம் முழுவதும் எனக்கு–நான் வழி. அதில் ஹியர், லிஸன், சீ, லுக், நோ, அண்டர்ஸ்டாண்ட் அடங்கும், கருத்துப் பட்டியல் கிடையாது. அடுத்த மூன்று வாரம் சே, டெல், எக்ஸ்பிளேன், டிஸ்கஸ் என்பவற்றை வாக்கியங்களாக ஒப்பித்தல். மூன்றாம் தரத்திலிருந்து ஐந்தாம் தரம் வரையுள்ள தம்பி தங்கைமார் அக்காமாரோடு வந்து பின்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு விளக்கம் எதுவும் வேண்டாம், விளையாட்டும் பாட்டும் ஆங்கிலத்திலேயே நடக்கட்டும். வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு அழைப்புக்குக் காத்திருப்பவர்களுக்கு நாலு வாரம் இலக்கணம் சொல்ல அவகாசம் இல்லை. அவர்களுக்கு நான்காவது வழியே முதலாவது வழி. பாறை மேல் ஏறுவதற்கு முன்னால் அவர்கள் வாயில் படிந்திருக்க வேண்டிய பத்து வாக்கியங்களை எழுதி வைத்திருக்கிறேன். அதில் முதலாவது, 'கேன் யூ ஹியர் மீ?'